டர்போ வண்டிக்குக் குறைந்த செலவில் பியூயல் டியூனிங்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெட்ரோலில் ஓடுகிற, இன்டேக் போர்ட்டில் இன்ஜெக்டர் வைத்த டர்போ வண்டிகளுக்குத்தான் இந்தப் பக்கம். டீசல் வேறு உலகம், அதை இங்கே தொடவில்லை. கணக்கு வருகிற இடத்திலெல்லாம் ஒரே வண்டியை வைத்தே பேசுகிறேன், இல்லாவிட்டால் தலை சுற்றும்: 4 சிலிண்டர், 360 சி.சி. இன்ஜெக்டர் (ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு அவ்வளவு பெட்ரோல் விடும்), கம்பெனி கொடுத்தது 180 குதிரைத்திறன், நமக்கு ஆசை 250.

பூஸ்ட் கன்ட்ரோலரைத் திருகினாலே வண்டி பறக்கிறதே, பியூயலை எதற்குத் தொட வேண்டும்?

பறக்கும், கொஞ்ச நாளைக்கு. டர்போவுக்குத் தெரிந்தது காற்றைத் திணிப்பது மட்டும்தான், அந்தத் திணிப்பின் அழுத்தம்தான் பூஸ்ட். அந்தக் காற்றுக்கு ஈடாகப் பெட்ரோல் கொடுக்க வேண்டியது பம்ப், ஃபில்டர், ரெகுலேட்டர், இன்ஜெக்டர், இவற்றையெல்லாம் ஆட்டிவைக்கும் என்ஜின் கம்ப்யூட்டரான ஈ.சி.யூ. இதில் கம்பெனி கொஞ்சம் உபரி விட்டிருக்கும். அந்த உபரி தீரும்வரை திருகத் திருக சுகமாகத்தான் இருக்கும், அதனால்தான் எல்லோருக்கும் தைரியம் வருகிறது. தீர்ந்த இடத்தில் கலவை லீன் ஆகும், அதாவது காற்றுக்குத் தக்க பெட்ரோல் இருக்காது (பெட்ரோல் மிஞ்சினால் அது ரிச்), சிலிண்டருக்குள் சூடு ஏறும், கலவை கட்டுப்பாடில்லாமல் தானாக வெடிக்கும் நாக்கிங் தொடங்கும். டர்போ இல்லாத என்ஜினில் நாக்கிங் என்றால் டக்டக்கென்று ஒரு சத்தம், பெரும்பாலும் அத்தோடு போகும். முழு பூஸ்ட்டில் வந்தால் பிஸ்டனில் ரிங்குகளுக்கு இடையே இருக்கும் மெல்லிய விளிம்பு உடைந்துபோக சில நொடிகள் போதும்.

இன்னொன்று. பூஸ்ட்டில் நாம் கூடுதலாக ஊற்றும் பெட்ரோல் முழுவதும் எரிவதற்காக ஊற்றுவதில்லை. அது ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்கிறது, அந்தக் குளிர்ச்சிக்காகவே ஊற்றுகிறோம்.

கையில் பணம் குறைவு. முதலில் எதை வாங்குவது?

அளக்கிற சாமான். இதைச் சொன்னால் யாருக்கும் பிடிப்பதில்லை, ஏனென்றால் மீட்டர் வாங்கினால் வண்டி ஒரு குதிரைகூட கூடாது. ஆனாலும் என் வரிசை மாறாது: கலவையைச் சரியான எண்ணாகக் காட்டும் வைட்பேண்ட் ஆக்ஸிஜன் சென்சார் ஒன்று, பியூயல் பிரஷர் கேஜ் ஒன்று, சாதாரண மல்டிமீட்டர் ஒன்று, அப்புறம் பூஸ்ட் லீக் பார்க்க டயர் வால்வு பொருத்திய ஒரு மூடி. இந்தக் கடைசி சாமானை வீட்டிலேயே செய்துகொள்ளலாம், டர்போவின் வாய்க்குள் இறுகப் பொருந்துகிற பைப் மூடியில் ஓட்டை போட்டு வால்வைச் சொருகினால் ஆயிற்று.

இந்த நான்கும் கையில் வந்த பிறகு பாதிப் பேருக்கு இன்ஜெக்டரே வாங்க வேண்டியிருக்காது, ஏனென்றால் கோளாறு வேறு எங்கோ இருக்கும். பழைய ஃபில்டரை மாற்றுங்கள், பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள், லீக் பாருங்கள். காற்றை 0.3 பாரில் தொடங்கி மெல்ல ஏற்றி, நீங்கள் ஓட்டப்போகும் பூஸ்ட் அளவுவரை கொண்டுபோய், சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தடவினால் எங்கே குமிழி வருகிறது என்று தெரிந்துவிடும். ஏற்றும்போது மூடிக்கு நேர் எதிரே நிற்காதீர்கள், கிளாம்ப் நழுவினால் அது குண்டு மாதிரி வரும்.

வண்டியிலேயே ஆக்ஸிஜன் சென்சார் இருக்கிறதே, அது போதாதா?

சாதாரண ஓட்டத்துக்குப் போதும், பூஸ்ட்டில் டியூன் செய்யப் போதாது. பழைய வண்டிகளில் இருப்பது பெரும்பாலும் நேரோபேண்ட். அதற்கு 14.7 என்ற ஒரே எண்தான் தெரியும், அதாவது எடையில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று. கலவை அதற்கு மேலே இருந்தால் 0.1 வோல்ட் பக்கம் இறங்கும், கீழே இருந்தால் 0.9 பக்கம் ஏறும். 11.5 ஆ, 12.8 ஆ என்று கேட்டால் முழிக்கும், அந்த வித்தியாசம்தான் நமக்கு வேண்டியது.

ஆனால் அதைத் தூக்கி எறியாதீர்கள். சாதாரண ஓட்டத்தில் ஈ.சி.யூ. செய்யும் நீண்டகாலத் திருத்தத்தை வண்டியின் சோதனை சாக்கெட்டில் சொருகும் ஒரு மலிவான ஓ.பி.டி. அடாப்டர் மூலம் போனில் பார்க்கலாம். அது பிளஸ் 10 சதவீதத்தைத் தாண்டி நிற்கிறது என்றால், நீங்கள் எதையும் மாற்றுவதற்கு முன்னாலேயே வண்டி பெட்ரோலுக்கு ஏங்குகிறது அல்லது கணக்கில் வராத காற்று எங்கோ நுழைகிறது என்று அர்த்தம். அதைச் சரிசெய்யாமல் மேலே போனால் அஸ்திவாரமே இல்லாமல் மாடி கட்டுவதுதான்.

வைட்பேண்டை எங்கே பொருத்துவது?

டர்போவைத் தாண்டி, சுமார் 60 செ.மீ. தள்ளி, கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு முன்னால். குழாயைக் கடிகாரமாக நினைத்துக்கொண்டால் 10 மணிக்கும் 2 மணிக்கும் நடுவில் சென்சார் தலை மேலே பார்த்து இருக்க வேண்டும், அப்போதுதான் எக்ஸாஸ்ட்டில் சேரும் தண்ணீர் அதன்மேல் தேங்காது. டர்போவுக்கு முன்னால் வைத்தால் சூடும் அழுத்தமும் சேர்ந்து சென்சாரைத் தின்றுவிடும், காட்டுகிற எண்ணும் தப்பாக இருக்கும். வயர் கொடுக்காமல் சும்மா சொருகி வைத்துவிட்டு ஓட்டாதீர்கள், ஹீட்டர் ஓடாத சென்சாரில் கரி படிந்து செத்துப்போகும். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட்டில் ஒழுக்கு இருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, இல்லாத லீனைக் காட்டும், இதில் ஏமாந்து பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போனவர்கள் நிறைய.

சரி, எந்த எண்ணுக்குக் கொண்டுவர வேண்டும்?

ஐடிலிங்கிலும் சீரான ஓட்டத்திலும் 14.7 சுற்றி, அதாவது லாம்டா 1 (சரியான கலவையை 1 என்று வைத்துச் சொல்லும் அளவு). சீராகப் போகும்போது 15.5 வரை போனாலும் பயப்பட வேண்டாம், அங்கே சுமையே இல்லை. பூஸ்ட் தொடங்கும் இடத்திலிருந்து 12.5 பக்கம் இறக்கி, முழு பூஸ்ட்டில் 11.5 முதல் 11.8 வரை. லாம்டாவில் சொன்னால் 0.78 முதல் 0.80. இது முதல் முறை டியூன் செய்பவருக்கான, கொஞ்சம் பயந்த எண். இன்டர்கூலர் நன்றாக இருந்து, நல்ல ஆக்டேன் கிடைத்து, நாக்கிங்கைக் காதால் மட்டும் நம்பாமல் கருவி வைத்துக் கேட்பவர்கள் 12.2 வரை போகிறார்கள். அதில் கிடைக்கிற கூடுதல் சக்தி சொற்பம். எனக்கு அது தேவைப்பட்டதில்லை.

250 குதிரைக்கு எத்தனை சி.சி. இன்ஜெக்டர்?

மனக்கணக்கே போதும். டர்போ பெட்ரோல் என்ஜின் ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 6.3 சி.சி. குடிக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 250 ஐ 6.3 ஆல் பெருக்கினால் 1575. நான்கு சிலிண்டருக்குப் பிரித்தால் ஆளுக்கு 394. இன்ஜெக்டர் நேரம் முழுவதும் திறந்தே கிடக்கக் கூடாது, 80 சதவீதத்தில் நிறுத்த வேண்டும் (திறந்திருக்கும் இந்தச் சதவீதத்தைத்தான் டியூட்டி என்பார்கள்), அதனால் 0.8 ஆல் வகுத்தால் 492. கடையில் கிடைக்கிற அடுத்த அளவு பெரும்பாலும் 550. முடிந்தது.

அதே கணக்கைத் திருப்பிப் போட்டால் 360 சி.சி. எங்கே நிற்கும் என்று தெரியும்: 183 குதிரை. கம்பெனி 180 சொன்னது எவ்வளவு இறுக்கமான கணக்கு என்று பார்த்தீர்களா?

ஆசைப்பட்டு 1000 சி.சி. போடுபவர்களும் இருக்கிறார்கள், பின்னால் உதவும் என்று. பழைய டிசைன் பெரிய இன்ஜெக்டர்கள் ஐடிலிங்கில் படுத்தும். திறக்கச் சொன்ன நொடிக்கும் உண்மையில் திறக்கும் நொடிக்கும் நடுவே 14 வோல்ட்டில் சுமார் 1 மில்லிசெகண்ட் வீணாகும். முழு பூஸ்ட்டில் 15 மில்லிசெகண்டில் அது ஒன்றுமில்லை. ஐடிலிங்கில் மொத்தமே 2 மில்லிசெகண்ட் என்றால் அதில் பாதி. பேட்டரி வோல்ட் கொஞ்சம் இறங்கி இந்த வீண் நேரம் கூடினால், சிக்னலில் நிற்கும்போது வண்டி நடுங்கி அணைந்துபோகும்.

80 சதவீதத்தில் இருக்கிறேனா என்று எப்படித் தெரியும்?

ஈ.சி.யூ.விலிருந்து பதிவுசெய்த லாகில், இன்ஜெக்டர் திறந்திருக்கும் பல்ஸ் அளவை மில்லிசெகண்டில் எடுத்து, ஆர்.பி.எம். ஆல் பெருக்கி, 1200 ஆல் வகுங்கள். 6000 ஆர்.பி.எம்.மில் 16 மில்லிசெகண்ட் என்றால் சரியாக 80. 6000 இல் ஒரு முழுச் சுழற்சிக்கே 20 மில்லிசெகண்ட்தான் நேரம் என்பதை நினைவில் வைத்தால் சூத்திரம் மறந்தாலும் பரவாயில்லை.

இன்ஜெக்டரை மாற்றாமல் பிரஷரை மட்டும் ஏற்றினால்?

ஓரளவுக்கு நடக்கும், மலிவும்கூட. ஆனால் பிரஷரை இரட்டித்தால் பெட்ரோல் இரட்டிக்காது, வர்க்கமூலக் கணக்கில்தான் ஏறும். இன்ஜெக்டர்களின் அளவு பொதுவாக 3 பாரில் சொல்லப்படுவது. அதை 4 பார் ஆக்கினால் 360 என்பது 416 ஆகும், நம் கணக்குப்படி 211 குதிரைவரை தாங்கும். ஆசை 250 இல்லை, 210 தான் என்றால் அட்ஜஸ்டபிள் ரெகுலேட்டர் ஒன்றோடு கதை முடிந்தது. அதோடு பம்ப்பும் சேர்ந்து உழைக்க வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். 4 பாரோடு 1 பார் பூஸ்ட்டும் சேர்ந்தால், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயான ரெயிலில் 5 பார்.

பூஸ்ட் ஒரு பங்கு ஏறினால் பிரஷரை பத்துப் பன்னிரண்டு பங்கு ஏற்றிவிடும் அந்தப் பழைய தட்டு ரெகுலேட்டர்கள் இன்னும் செகண்ட்ஹேண்டில் சுற்றுகின்றன. டர்போ இல்லாத வண்டிக்கு டர்போ கிட் மாட்டிய காலத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது. இப்போது வேண்டாம். பிரஷர் அந்த அளவு ஏறும்போது பம்ப்பின் ஓட்டம் படுத்துவிடும், சில இன்ஜெக்டர்கள் அந்த அழுத்தத்துக்கு எதிராகத் திறக்கவே மறுக்கும். குருவி தலையில் பனங்காய்.

செகண்ட்ஹேண்ட் இன்ஜெக்டர் வாங்கலாமா?

தாராளமாக. உண்மையில் குறைந்த செலவில் இதைவிட நல்ல வழி இல்லை, வேறொரு டர்போ வண்டியிலிருந்து கழற்றிய கம்பெனி இன்ஜெக்டர், பெயர் தெரியாத புது இன்ஜெக்டரைவிட எவ்வளவோ மேல். ஆனால் வாங்கியதும் அல்ட்ராசோனிக்கில் சுத்தம் செய்து, நான்கையும் ஒன்றாக வைத்து ஓட்டம் அளக்கச் சொல்லுங்கள். அதிகமும் குறைவும் 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். வைட்பேண்ட் நான்கு சிலிண்டரின் சராசரியைத்தான் காட்டும், ஒரு சிலிண்டர் மட்டும் பட்டினி கிடந்தால் அது காட்டிக்கொடுக்காது, பிஸ்டன்தான் காட்டிக்கொடுக்கும்.

மல்டிமீட்டரை வைத்து இரண்டு பின்னுக்கும் நடுவே ஓம் பாருங்கள். 12 முதல் 16 என்றால் ஹை இம்பீடன்ஸ், பெரும்பாலான ஈ.சி.யூ.க்கு நேராகப் பொருந்தும். 2 முதல் 5 என்றால் லோ இம்பீடன்ஸ், ரெசிஸ்டர் பாக்ஸ் இல்லாமல் மாட்டினால் ஈ.சி.யூ.வின் டிரைவர் எரிந்துபோகும், அப்புறம் சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம். ஓரிங்குகளைப் புதிதாகப் போடுங்கள், மாட்டும்போது ஒரு சொட்டு என்ஜின் ஆயில் தடவினால் கிழியாது.

பெரிய பம்ப் கட்டாயமா?

அளந்துவிட்டுச் சொல்லுங்கள். நமக்கு வேண்டியது நிமிடத்துக்கு 1575 சி.சி., அதாவது மணிக்குச் சுமார் 95 லிட்டர். மிஞ்சிய பெட்ரோலை டேங்க்குக்குத் திருப்பி அனுப்பும் ரிட்டர்ன் லைன் உள்ள வண்டியில் இதைச் சோதிப்பது சுலபம். என்ஜினை அணைத்துவிட்டு, ரிட்டர்ன் ஹோஸைக் கழற்றி ஒரு அளவு கேனுக்குள் விடுங்கள். ரெகுலேட்டரின் வேக்குவம் முனையில் கைப்பம்ப்பால் 1 பார் காற்று கொடுங்கள், அப்போது ரெகுலேட்டர் முழு பூஸ்ட் என்று நினைத்துக்கொள்ளும். பம்ப்பை மட்டும் 30 விநாடி ஓடவிடுங்கள். 0.8 லிட்டர் வந்தால் கணக்கு விளிம்பில் நிற்கிறது, 1 லிட்டருக்கு மேல் வந்தால் இருக்கிற பம்ப்பே போதும். திறந்த வெளியில், பேட்டரி முனைகளிலிருந்து தள்ளி, பக்கத்தில் தீயணைப்பான் வைத்துக்கொண்டு மட்டும்.

போதவில்லை என்றால் வால்ப்ரோ 255 மாதிரியான டேங்க்குக்குள் உட்காரும் பம்ப் ஒன்று இந்த வேலைக்குத் தாராளம். அதில் போலிகள் மலிந்து கிடக்கின்றன, அதனால் விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் நம்பாதீர்கள். 255 என்பது மணிக்கு இத்தனை லிட்டர் என்று 3 பார் பக்கத்தில், முழு வோல்ட்டில் சொன்ன எண். பிரஷர் ஏற ஏற அது குறையும். மறுபக்கம், தேவைக்கு மீறிய பம்ப் போட்டால் கம்பெனி ரெகுலேட்டரும் மெல்லிய ரிட்டர்ன் லைனும் அத்தனையையும் திருப்பி அனுப்ப முடியாமல் ஐடிலிங்கில் பிரஷர் ஏறி நிற்கும், வண்டி ரிச்சாகவே ஓடும்.

டேங்க்குக்குள் போடும் ஹோஸ் துண்டுக்குச் சாதாரண பியூயல் ஹோஸ் ஆகாது. பெட்ரோலில் மூழ்கிக் கிடக்கும் இடத்துக்கென்று எஸ்.ஏ.இ. ஜே30ஆர்10 என்று அச்சிட்ட ஹோஸ் தனியாக உண்டு. சாதாரணமானது வெளிப்பக்கத்திலிருந்தே ஊறிக் கூழாகி, ஒரு நாள் பாதி வழியில் பிய்த்துக்கொள்ளும்.

புது பம்ப் போட்டும் மேலே லீன் ஆகிறது. பம்ப் டூப்ளிகேட்டா?

இருக்கலாம், ஆனால் முதலில் வோல்ட் பாருங்கள். இது நான் பட்டது. என் வண்டி 5000 வரை 11.8 இல் அழகாக நின்று, 5500 தாண்டினால் 13 க்கு ஓடும். இன்ஜெக்டர் அடைத்திருக்கும் என்று கழற்றிச் சுத்தம் செய்தேன். பம்ப் மாற்றினேன். இரண்டு மாதம் போனது. கடைசியில் பிரஷர் கேஜை பானெட்டுக்கு வெளியே எடுத்து வைபர் பக்கத்தில் டேப் போட்டு ஒட்டி ஓட்டிப் பார்த்தால், 1 பார் பூஸ்ட்டில் 4 பார் நிற்க வேண்டிய முள் 3.3 க்குச் சரிகிறது. பின் சீட்டைத் தூக்கி பம்ப் கனெக்டரில் மல்டிமீட்டரைக் குத்தினேன்: 10.9 வோல்ட். அதே நேரம் பேட்டரியில் 13.9. கனெக்டரைப் பிரித்தால் எர்த் பின் பழுப்பேறி, சுற்றியுள்ள பிளாஸ்டிக் உருகிச் சுருங்கியிருந்தது. மூன்று வோல்ட் அந்த வயரிலும் பின்னிலும் சூடாகக் கரைந்துபோய்க்கொண்டிருந்தது, பம்ப் பாவம் என்ன செய்யும்.

பேட்டரியிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்றை 20 ஆம்ப் ஃபியூஸ் வழியாகப் பின்னால் கொண்டுபோய், ரிலே போட்டு, எர்த்தை பாடியில் பெயின்ட் சுரண்டிய இடத்தில் புதிதாக இறுக்கினேன். 13.5 வோல்ட் வந்தது, லீன் போனது. செலவு ஒரு முழு டேங்க் பெட்ரோலைவிடக் குறைவு. ரிலேயை இயக்கப் பழைய பம்ப் வயரையே பயன்படுத்துங்கள், நேராகச் சாவியிலிருந்து எடுக்காதீர்கள். அப்போதுதான் வண்டி எங்காவது மோதி என்ஜின் நின்றால் ஈ.சி.யூ. பம்ப்பையும் நிறுத்தும்.

ரெகுலேட்டர் சரியாக வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

வேக்குவம் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு ஐடிலிங்கில் விட்டால் 3 பார், திரும்ப மாட்டினால் 2.4 பக்கம் இறங்க வேண்டும். பூஸ்ட்டில் எவ்வளவு பூஸ்ட்டோ அவ்வளவு ஏற வேண்டும், இன்ஜெக்டரின் இரு பக்கத்துக்கும் நடுவே வித்தியாசம் எப்போதும் 3 பார் நிற்பதற்காகத்தான் இந்த ஏற்ற இறக்கம். கழற்றிய ஹோஸுக்குள் பெட்ரோல் வாடையோ ஈரமோ இருந்தால் உள்ளே டயாஃப்ரம் கிழிந்துவிட்டது, வேறு யோசனையே வேண்டாம், மாற்றுங்கள்.

ரிட்டர்ன் லைன் இல்லாத வண்டிகளில் ரெயில் பிரஷர் பெரும்பாலும் ஒரே எண்ணில் நிற்கும். 4 பார் ரெயிலில் 1 பார் பூஸ்ட் வந்தால் மிச்சம் 3 தான். இன்ஜெக்டர் அளவைத் தேர்ந்தெடுக்கும்போது அந்த 3 ஐ வைத்துக் கணக்குப் போடுங்கள்.

ஈ.சி.யூ.வுக்கு என்ன செய்வது? பிக்கிபேக் மலிவாகக் கிடைக்கிறதே?

இந்த இடத்தில்தான் மலிவு அதிகம் கடிக்கும், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். பிக்கிபேக் என்பது ஈ.சி.யூ.வுக்குப் போகும் சிக்னலை நடுவில் உட்கார்ந்து மாற்றும் ஒரு பெட்டி. ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில் 360 ஐக் கழற்றி 550 மாட்டிவிட்டீர்கள். இப்போது ஐடிலிங்கிலேயே பெட்ரோல் கொட்டும். அதைக் குறைக்க, ஏர் ஃப்ளோ சிக்னலை பிக்கிபேக்கால் 35 சதவீதம் வெட்டுகிறீர்கள், ஏனென்றால் 550 இல் 360 என்பது 65 சதவீதம். கலவை சரியாகிவிட்டது, மீட்டரில் 14.7 பளிச்சென்று நிற்கிறது, எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் ஈ.சி.யூ. அதே சிக்னலை வைத்துத்தான் இக்னிஷன் டைமிங்கையும் தேடுகிறது. காற்று 35 சதவீதம் குறைவு என்று அதற்குப் பொய் சொல்லியிருக்கிறீர்கள். சுமை குறைவு என்று நம்பி, முழு பூஸ்ட்டில் போய் லேசான சுமைக்கான அட்வான்ஸைக் கொடுக்கும், அதாவது தீப்பொறியை ரொம்ப முன்னாலேயே விடும். கலவை கச்சிதமாக இருக்க, என்ஜின் நாக்கிங்கில் சாகும். பத்துப் பதினைந்து சதவீதத் திருத்தத்துக்கு பிக்கிபேக் சரி. அதற்கு மேல் என்றால் டைமிங்கையும் தனியாகத் திருத்துகிற ஒன்று வேண்டும்.

உங்கள் வண்டியின் சொந்த ஈ.சி.யூ.வை ரீஃப்ளாஷ் செய்ய முடிந்தால் அதுவே முதல் தேர்வு. சில சுபாரு, மிட்சுபிஷி வண்டிகளுக்கு ரோம்ரெய்டர், ஈசியூஃப்ளாஷ் போன்ற இலவச மென்பொருளே உண்டு, ஒரு கேபிள் மட்டும் வாங்கினால் போதும். இன்ஜெக்டர் அளவு, வீண் நேரம் என்று உரிய இடத்தில் உரிய எண்ணைப் போடலாம், யாருக்கும் பொய் சொல்ல வேண்டியதில்லை. அது இல்லாத பழைய வண்டி என்றால் மெகாஸ்கொயர்ட், அல்லது ஆர்டுயினோ மெகா போர்டில் ஓடும் ஸ்பீடுயினோ. சாலிடரிங் தெரிந்தவருக்கு மிக மலிவு. ஆனால் குளிரில் முதல் ஸ்டார்ட், ஏ.சி. போட்டால் ஐடிலிங், இவற்றையெல்லாம் நீங்களே உட்கார்ந்து கற்றுக்கொடுக்க வேண்டும். தினமும் வேலைக்குப் போக இருக்கிற ஒரே வண்டி இதுதான் என்றால் யோசியுங்கள்.

மேப்பை எங்கிருந்து தொடங்குவது?

மேப் என்பது ஈ.சி.யூ.வுக்குள் இருக்கும் எண் அட்டவணை, அதைக் கீழிருந்து தொடங்குங்கள். இன்ஜெக்டர் எண்களைப் போட்டு ஐடிலிங், அப்புறம் சீரான ஓட்டம், அப்புறம்தான் பூஸ்ட், அதுவும் பூஸ்ட்டை மட்டுப்படுத்தும் வேஸ்ட்கேட் வால்வின் ஸ்பிரிங் மட்டும் கொடுக்கிற குறைந்த பூஸ்ட். டைமிங்கை முதலில் சில டிகிரி பின்னால் இழுத்து வையுங்கள். வண்டியை ஓரிடத்தில் நிறுத்திவைத்தே ஓட்டிச் சக்தியை அளக்கும் டைனோ கிடைத்தால் டைனோ. இல்லையென்றால் பொதுச் சாலையை விட்டு, மூடிய தளம் ஒன்றில், பக்கத்தில் ஒருவர் லேப்டாப்போடு. ஓட்டுபவர் திரையைப் பார்க்கக் கூடாது.

இன்டேக் மேனிஃபோல்ட் பிரஷரை வைத்துக் காற்றைக் கணக்கிடும் ஈ.சி.யூ.வில் திருத்தம் எளிது. அட்டவணையின் ஒரு கட்டத்தில் வி.இ. (சிலிண்டர் எத்தனை சதவீதம் காற்றால் நிரம்புகிறது என்ற எண்) 80 என்று இருக்கிறது, லாகில் 12.8 காட்டியது, நமக்கு வேண்டியது 11.8. 80 ஐ 12.8 ஆல் பெருக்கி 11.8 ஆல் வகுத்தால் 86.8. அதைப் போட்டுவிட்டுப் பக்கத்துக் கட்டங்களையும் லேசாகச் சரிசெய்யுங்கள், ஒரு கட்டம் மட்டும் மேடாக நிற்கக் கூடாது. மேலே இன்னும் ஓடிப் பார்க்காத கட்டங்களில் ஊகமாகக் கூடுதல் பெட்ரோலே போட்டு வையுங்கள். ஒரு ஓட்டத்துக்கு ஒரு மாற்றம். பூஸ்ட்டையும் டைமிங்கையும் பெட்ரோலையும் ஒரே நேரத்தில் மாற்றிவிட்டு எது என்ன செய்தது என்று என்னைக் கேட்காதீர்கள்.

லீன் வந்தால் எது காரணம் என்று எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

இரண்டே விஷயத்தைப் பாருங்கள்: பிரஷரும் டியூட்டியும். பிரஷர் சரிகிறது என்றால் பம்ப் பக்கம், அதாவது ஃபில்டர், வோல்ட், பம்ப், மடங்கிய ஹோஸ். பிரஷர் நிற்கிறது, டியூட்டி 90 ஐத் தாண்டிவிட்டது என்றால் இன்ஜெக்டர் சிறிது. இரண்டும் ஒழுங்காக இருந்தும் லீன் என்றால் மேப்பில் எண் தப்பு, அல்லது ஏர் ஃப்ளோ சென்சார் 5 வோல்ட்டில் முட்டி நின்று அதற்கு மேல் வரும் காற்று கணக்கில் வரவில்லை. வளைவில் மட்டும் லீன் ஆகிறது, டேங்க்கில் பெட்ரோல் குறைவு என்றால் பம்ப் காற்றை உறிஞ்சுகிறது. பாதி டேங்க்குக்குக் கீழே விடாமல் ஓட்டினால் செலவே இல்லாமல் தீரும்.

ரிச்சாக வைத்துவிட்டால் பாதுகாப்புதானே?

ஓரளவு வரைக்கும். 10.5 க்குக் கீழே போனால் கறுப்புப் புகை, கரி பிடித்த பிளக், சிலிண்டர் சுவரிலிருந்து ஆயிலைக் கழுவிவிடும் பெட்ரோல். ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடிக்கும். இதில் ஒரு பொறியும் உண்டு: ரொம்ப ரிச்சாகி, அல்லது பிளக் இடைவெளி அதிகமாகி பூஸ்ட்டில் தீப்பொறி அணைந்து மிஸ்ஃபயர் ஆனால், எரியாத ஆக்ஸிஜன் அப்படியே வெளியே போகும், வைட்பேண்ட் அதைப் பார்த்து லீன் என்று காட்டும். நீங்கள் இன்னும் ஊற்றுவீர்கள், இன்னும் மோசமாகும். உதறலோடு வரும் லீனைப் பார்த்தால் முதலில் பிளக் இடைவெளியை 0.7 மி.மீ.க்குக் குறைத்துப் பாருங்கள்.

குறிப்பிட்ட பூஸ்ட்டில் யாரோ பிரேக் போட்ட மாதிரி வண்டி வெட்டுகிறது. அதைத் தாண்டும் சின்னக் கருவி விற்கிறார்களே?

அது கம்பெனி வைத்த பியூயல் கட், உங்கள் என்ஜினின் உயிர்க்காப்பீடு. மேலே சொன்ன எல்லாம் முடிந்து, லாகில் கண்ணால் பார்த்த பிறகு, ஈ.சி.யூ.வில் அந்த எல்லையை உங்கள் பூஸ்ட்டுக்குக் கொஞ்சம் மேலே நகர்த்தி வையுங்கள். கருவி போட்டு ஏமாற்றாதீர்கள்.

எத்தனால் கலந்த பெட்ரோல் போட்டால்?

எத்தனாலுக்கு அதே காற்றுக்கு அதிக எரிபொருள் வேண்டும். சுத்த பெட்ரோலுக்கு 14.7 என்றால் 10 சதவீதக் கலவைக்கு 14.1, ஈ85 க்கு 9.8. குறைந்த கலவையில் மேப்பைச் சில சதவீதம் திருத்தினால் போதும். ஈ85 என்றால் நாக்கிங்குக்கு அது கொடுக்கும் எதிர்ப்பு அருமை, ஆனால் கொள்ளளவில் சுமார் 40 சதவீதம் கூடுதலாக வேண்டும், நாம் போட்ட 550 பற்றாமல் 700 பக்கம் போக வேண்டியிருக்கும், பம்ப்பும் அப்படியே. மீட்டரை லாம்டாவில் வைத்துப் பாருங்கள், எந்த எரிபொருளானாலும் 1 என்றால் 1 தான்.

காற்றை வெளியே விடும் ப்ளோ ஆஃப் வால்வு போட்ட பிறகு கியர் மாற்றும்போது திணறுகிறது?

ஏர் ஃப்ளோ சென்சார் எண்ணிவிட்ட காற்றை வெளியே துப்புகிறீர்கள், அதற்கான பெட்ரோல் மட்டும் உள்ளே போகிறது. குழாயைத் திரும்ப இன்டேக்கில் இணையுங்கள். சத்தம் குறையும், திணறலும் போகும்.

டைரக்ட் இன்ஜெக்ஷன் வண்டிக்கு இதெல்லாம் பொருந்துமா?

அளப்பது, லீக் பார்ப்பது, டேங்க் பம்ப் வோல்ட், இதெல்லாம் பொருந்தும். மற்றது பொருந்தாது. அங்கே கேம்ஷாஃப்ட்டால் ஓடும் இன்னொரு பம்ப் 150, 200 பார் என்று அழுத்துகிறது, புது வண்டிகளில் 350 வரைகூட. அந்த லைனை வீட்டில் கழற்றாதீர்கள், அந்த அழுத்தத்தில் பீறிடும் பெட்ரோல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

எல்லாம் முடிந்தது. இனி எதைக் கவனிக்க வேண்டும்?

முதல் நாள், என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் இரண்டு மூன்று முறை போட்டு, நீங்கள் தொட்ட ஒவ்வொரு இணைப்பையும் விரலால் தடவிப் பாருங்கள். ஒரு டேங்க் தீர்ந்ததும் கிளாம்ப்புகளை மறுபடி பாருங்கள், புது ரப்பர் கொஞ்சம் அமுங்கியிருக்கும். பானெட்டைத் திறந்ததும் லேசாகப் பெட்ரோல் வாடை வந்தால் புது வேலையின் வாடை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாமல் ஒழுக்கைத் தேடுங்கள், டர்போ அங்கேயே பக்கத்தில்தான் சிவக்கக் காய்ந்து உட்கார்ந்திருக்கிறது. ஆயிலை வழக்கத்தைவிடச் சீக்கிரம், முதல் ஆயிரம் கிலோமீட்டரிலேயே மாற்றிவிடுங்கள், டியூன் செய்த நாட்களில் ரிச்சாக ஓடியதெல்லாம் அதில்தான் கலந்திருக்கும். வெயில் காலம் போய்க் குளிர் வந்ததும் ஒரு முறை லாக் எடுத்துப் பாருங்கள். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது, அதே பூஸ்ட்டில் டியூட்டி சில சதவீதம் ஏறியிருக்கும்.